லினக்ஸ் மடிக்கணினியில் கைப்பேசியின் கோப்புறை வெறுமையாகத் திறக்கிறது

கேள்வி: கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழி வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். எங்கள் பள்ளி மடிக்கணினியில் இருப்பது, கேரளப் பள்ளிகளுக்கென்று உபுண்டுவிலிருந்து உருவாக்கிய லினக்ஸ் இயங்குதளம். பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் எங்கள் மாணவியர் தமிழ்ப் பத்யம் (செய்யுள்) சொன்னபோது எடுத்த காணொளிகளை மாற்றுவதற்காக ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்தேன். சார்ஜ் ஏறுகிறது, கோப்பு மேலாளரின் இடப்பக்கத்தில் கைப்பேசியின் பெயரும் தெரிகிறது, திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. பேருந்து நிலையக் கடையில் வேறு கேபிள் வாங்கிப் பார்த்தும் அதே நிலைதான். என் பழைய கைப்பேசி பென்டிரைவைப் போல உடனே திறந்ததே, இது ஏன் திறப்பதில்லை?

பதில்: குப்பம்வாசி

ஐயா, இரண்டாவது கேபிள் வீண் செலவு. மலிவான சில கேபிள்களில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே இருக்கும். அவற்றால் இணைத்தால் கைப்பேசி வந்த செய்தியே கணினிக்குத் தெரியாது. உங்களுக்குப் பெயர் தெரிகிறது என்பதே கேபிளில் குறையில்லை என்பதற்குச் சான்று. கைப்பேசியின் பூட்டைத் திறந்து, அறிவிப்புப் பட்டையைக் கீழே இழுத்து, யுஎஸ்பி பற்றிய வரியைத் தொட்டு, 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேபிளைக் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் மறுபடியும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

பழைய கைப்பேசி தன் நினைவகத்தை முழுவதுமாகக் கணினியிடம் ஒப்படைத்தது. அவ்வேளையில் கைப்பேசியாலேயே அந்த நினைவகத்தைப் படிக்க முடியாது. ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் எழுதினால் கோப்புகள் சிதையும் என்பதே காரணம். ஏறத்தாழ 2011 முதல் ஆண்ட்ராய்டு எம்டிபி என்னும் நெறிமுறைக்கு மாறியது. இதில் நினைவகம் கைப்பேசியின் பொறுப்பிலேயே இருக்க, கணினி கோப்பு கோப்பாகக் கேட்டு வாங்குகிறது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்

திறந்துவிட்டது, நன்றி. ஆனால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ள கேமரா கோப்புறை பட்டியலிடவே பல நிமிடங்கள் ஆகின்றன. காணொளியை அங்கேயே சொடுக்கி ஓடவிட்டால் உறைந்து நிற்கிறது.

பதில்: செங்கோட்டைக்காரன்

கைப்பேசியில் இருந்தபடியே ஓடவிடாதீர்கள். எம்டிபி அதற்கு ஏற்றதன்று. முதலில் வன்தட்டுக்கு நகலெடுத்துவிட்டுத் திறங்கள். அவ்வளவு பெரிய கோப்புறைக்கு நான் எம்டிபியையே நம்புவதில்லை. கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கட்டளையிடும் ஏடிபி (adb) என்னும் கருவியை நிறுவிக்கொள்வேன். கைப்பேசி அமைப்புகளில் 'பில்ட் எண்' என்பதை ஏழு முறை தட்டினால் உருவாக்குநர் விருப்பங்கள் திறக்கும். அதில் யுஎஸ்பி பிழைநீக்கத்தை இயக்கி, திரையில் கேட்கும் அனுமதியைக் கொடுத்த பின், கணினியில் கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் 'ஏடிபி புல்' (adb pull) கட்டளையோடு கேமரா கோப்புறையின் பாதையைக் கொடுத்தால் முழுவதும் ஒரே மூச்சில் வந்துவிடும். பலர் கைபடும் பள்ளிக் கணினி என்பதால், வேலை முடிந்ததும் பிழைநீக்கத்தை அணைத்துவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்

எல்லாம் வந்து சேர்ந்தன. கோப்பு மேலாளரில் காணாமல் போயிருந்த இரண்டு காணொளிகளும் அவற்றுள் இருந்தன.

பதில்: குப்பம்வாசி

அவை கைப்பேசியின் ஊடகப் பட்டியலில் இன்னும் ஏறியிருக்காது. எம்டிபி அந்தப் பட்டியலைப் பார்த்தே காட்டுகிறது. கைப்பேசியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் பெரும்பாலும் அங்கும் தெரியும்.