'அம்மோனியாக் கசிவு' என்ற சொல்லை மாற்றுவோம்

வணக்கம்.

சிமெண்ட் சூளைப் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க, கால்சினர் பகுதியில் (அரைத்த மாவிலுள்ள சுண்ணாம்புக்கல்லைச் சூளைக்கு முன்பே சுட்டுச் சிதைக்கும் கலம்) அம்மோனியா நீரோ யூரியாக் கரைசலோ பீய்ச்சுகிறார்கள். வினைபுரியாமல் புகையோடு போகும் பங்குக்கு நம் கலைச்சொல் வரைவில் 'அம்மோனியாக் கசிவு' என்று இருக்கிறது. இதை நீக்க வேண்டும். கசிவு என்றால் தொட்டியோ குழாய் இணைப்போ ஒழுகுவது. அதற்கு ஆட்களை வெளியேற்ற வேண்டும். இதற்கோ பீய்ச்சும் அளவையும் இடத்தையும் சரிசெய்ய வேண்டும். கட்டுப்பாட்டு அறைத் திரையில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது ஆபத்து. 'எஞ்சு அம்மோனியா' என முன்மொழிகிறேன்.

> 'தப்பு அம்மோனியா' என்றால் இன்னும் எளிது அல்லவா?

எளிதுதான் ஐயா. ஆனால் 'தப்பு' என்பதைத் தப்பிச் செல்வது என்றல்லாமல் பிழை என்றே பலரும் படிப்பார்கள். 'எஞ்சு' நன்று, புணர்த்தாமல் பிரித்தே எழுதுவோம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன். புகைபோக்கிக் கருவி காட்டும் எண்ணுக்கு இந்தப் பெயரை வைக்கக் கூடாது. சுண்ணாம்புக்கல்லிலும் களிமண்ணிலும் இருந்தே அம்மோனியா வெளிவரும். ஒரு சொட்டுகூடப் பீய்ச்சாத சூளையிலும் அது பதிவாகும். மூலப்பொருள் அரைவை ஓடும்போது அரைத்த மாவு அம்மோனியாவைப் பிடித்து மறுபடி முன்வெப்பக் கோபுரத்துக்கே (சூளைக்குள் போகுமுன் மாவு சூடேறும் இடம்) கொண்டுபோகிறது. அரைவை நின்றதும் அந்தப் பிடிப்பு இல்லாததால் எண் சட்டென்று ஏறும். பீய்ச்சல் அளவு மாறியிருக்காது. இதைப் பார்த்துப் பீய்ச்சலைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடுதான் கூடும்.

ஆகவே இரண்டு சொற்கள் தேவை: கருவி காட்டும் மொத்தம் 'புகைபோக்கி அம்மோனியா', அதில் பீய்ச்சலால் வந்த பங்கு 'எஞ்சு அம்மோனியா'. பீய்ச்சலை நிறுத்தி, அரைவை ஓடும் நிலையிலும் நின்ற நிலையிலும் தனித்தனியே அளந்தால்தான் பீய்ச்சல் இல்லாமலே இருக்கும் அடிப்படை அளவு தெரியும். மாவோடு சுற்றிச் சுற்றித் தேங்கிய அம்மோனியா வடியுமுன் அளந்தால் அந்த எண் பயன்படாது.

> வரையறையில் வெப்பநிலையும் வேண்டுமா?

வேண்டும். ஏறத்தாழ 850 முதல் 1050 பாகை செல்சியஸ் வரைதான் வினை நன்றாக நடக்கும். அதற்குக் கீழே வினை மந்தமாகி எஞ்சல் கூடுகிறது. மேலே போனால் அம்மோனியாவே எரிந்து நைட்ரிக் ஆக்சைடாகிறது. பீய்ச்சும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு மிகுந்திருந்தாலும் வினை கெடும்.

அளவீட்டுக் குறிப்பு ஒன்றும் சேர்க்கலாம்: புகை மாதிரியைக் கருவிக்குக் கொண்டுபோகும் குழாய் முழுநீளமும் சூடாக இருக்க வேண்டும். ஓரிடம் குளிர்ந்து நீர் கோத்தாலும் அம்மோனியா அதில் கரைந்து, அளவு குறைவாகத் தெரியும்.