படத்து மேலயே சரியா வரைஞ்ச ரன்வே, ஆனா ஐஎல்எஸ் இடது பக்கமா இறக்குது – உதவி தேவை

சிறகு07:
எல்லாருக்கும் வணக்கம். எக்ஸ்-பிளேன் ஃப்ளைட் சிமுலேட்டருக்காக அதோட வேர்ல்ட் எடிட்டர்ல ஒரு ஏர்போர்ட் பண்ணிட்டு இருக்கேன், சாட்டிலைட் படத்தை அடியில போட்டு ரன்வே, டாக்ஸிவே, ஏப்ரன் (விமானம் நிறுத்துற இடம்) எல்லாம் அது மேலயே அச்சு பிசகாம வரைஞ்சாச்சு. ஆனா ஐஎல்எஸ் (ரன்வேக்கு வழிகாட்டுற ரேடியோ சிக்னல்) பிடிச்சு ஆட்டோபைலட்ல இறக்கினா விமானம் நடுக்கோட்டுல வராம ஒரு 12 மீட்டர் இடது பக்கமா, கோட்டுக்கு இணையாவே வந்து உட்காருது. சரின்னு ஏஐபி-ல (அதிகாரப்பூர்வமா வெளியிடுற விமானத் தகவல் தொகுப்பு) போட்டிருக்கிற த்ரெஷோல்ட் கோஆர்டினேட்டை எடுத்து ரன்வேயோட ரெண்டு முனைக்கும் கொடுத்தேன். இப்போ ஐஎல்எஸ் கச்சிதமா நடுக்கோட்டுல இறக்குது, ஆனா 3000 மீட்டர் இருக்க வேண்டிய ரன்வே 2700 தான் காட்டுது, டாக்ஸிவே எல்லாம் ரன்வேயோட சேராம தள்ளி நிக்குது. எதை நம்புறது, படத்தையா ஏஐபி-யையா?

மேகவாசி:
இடம் விஷயத்துல ஏஐபி தான் ப்ரோ. சாட்டிலைட் படம் பெரும்பாலும் கொஞ்சம் சாய்வா எடுத்தது, அதை தரையோட உயர டேட்டாவை வச்சு நிமிர்த்துவாங்க, அந்த டேட்டா லேசா பிசகினாலும் படம் சில மீட்டர் நகர்ந்துடும். வேற கம்பெனி படத்தை மாத்தி போட்டு பாருங்க, அதே ரன்வே வேற இடத்துல நிக்கும். ஏஐபி புள்ளிகள் டபிள்யூஜிஎஸ்-84 (ஜிபிஎஸ் பயன்படுத்துற உலக ஆயமுறை) கணக்குல சர்வே பண்ணது. லோகலைசர் (ஐஎல்எஸ்ல நடுக்கோட்டை காட்டுற ஆன்டெனா) இருக்கிற இடமும் நீங்க வரையிற லேஅவுட்ல இல்ல, சிமுலேட்டரோட நேவ் டேட்டாவுல தனியா இருக்கு, அதனால ரன்வேயை நீங்க எங்க வச்சாலும் ஐஎல்எஸ் நகராது. முதல்ல ரன்வேயை ஏஐபி படி வச்சிட்டு, படத்தை பார்த்து வரைஞ்ச டாக்ஸிவே, ஏப்ரன், பெயின்ட் கோடு எல்லாத்தையும் மொத்தமா செலக்ட் பண்ணி ஒரே அளவு, ஒரே திசையில நகர்த்துங்க. ஒண்ணொண்ணா இழுக்காதீங்க, அவங்களுக்குள்ள இருக்கிற தூரம் படத்துல சரியா தான் இருக்கும். டெர்மினலை மட்டும் கூரை ஓரம் வச்சு வரையாம சுவர் தரையை தொடுற இடத்தை வச்சு வரைங்க, கூரை எப்பவும் ஒரு பக்கமா சாய்ஞ்சு தான் தெரியும்.

சிறகு07:
மொத்தமா நகர்த்திட்டேன், டாக்ஸிவே எல்லாம் பக்காவா உட்கார்ந்துடுச்சு, ரொம்ப நன்றி ப்ரோ. அந்த 300 மீட்டர் தான் இன்னும் புரியல. 123036.00N மாதிரி இருக்கிறதை 12.51-னு தான் மாத்தினேன், 12.3036-னு போடல, அதனால கன்வர்ஷன்ல பிரச்சினை இல்ல.

பழைய_விங்:
தம்பி, அதே ஏஐபி பக்கத்துல டிக்ளேர்ட் டிஸ்டன்ஸ் டேபிள் இருக்கும், டோராவும் (டேக்ஆஃப் ஓட்டத்துக்கு கிடைக்கிற நீளம்) எல்டிஏவும் (இறங்க கிடைக்கிற நீளம்) என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க.

சிறகு07:
ஒரு பக்கம் டோரா 3000, எல்டிஏ 2700ங்க அண்ணா. எதிர் பக்கம் ரெண்டுமே 3000.

பழைய_விங்:
அப்போ அது டிஸ்ப்ளேஸ்டு த்ரெஷோல்ட். அந்த 300 மீட்டர்ல நின்னு டேக்ஆஃப் ஓட்டம் ஆரம்பிக்கலாம், ஆனா இறங்குறவங்க அதை தாண்டி தான் தரையை தொடணும். ஏஐபி-ல த்ரெஷோல்ட்னு கொடுக்கிறது இறங்குற பகுதி ஆரம்பிக்கிற புள்ளி, எடிட்டர் கேட்கிறதோ ரன்வே தளத்தோட கடைசி முனை. இந்த ரெண்டும் ஒண்ணா இல்லாத ஏர்போர்ட் நிறைய இருக்கு.

அந்த முனையை 300 மீட்டர் வெளியே தள்ளணும், அதுக்கு ரன்வே நம்பரை வச்சு திசை எடுக்காதீங்க. நம்பர் காந்த வடக்கை வச்சு பத்து டிகிரிக்கு ரவுண்ட் பண்ணது, 3 டிகிரி தப்பா போனாலே 300 மீட்டர்ல கிட்டத்தட்ட 16 மீட்டர் பக்கவாட்டுல விலகிடும். திசையே வேண்டாம், உங்க கையில இருக்கிற ரெண்டு புள்ளிக்கும் நடுவுல 2700, தேவை 300, அதாவது ஒன்பதுல ஒரு பங்கு. ரெண்டு புள்ளியோட அட்சரேகை வித்தியாசத்தை ஒன்பதால வகுத்து அதே போக்குல அந்த முனைக்கு சேருங்க, தீர்க்கரேகைக்கும் அதே மாதிரி, நேர்கோடு மாறவே மாறாது. அஞ்சு டெசிமலோட நிறுத்திடாதீங்க, அது ஒரு மீட்டர் அளவுக்கு தான் துல்லியம், ஏழு எட்டு வரைக்கும் வச்சுக்குங்க. அப்புறம் அந்த முனையில டிஸ்ப்ளேஸ்டு அளவு 300-னு போடுங்க, அது ரன்வே நீளத்துக்குள்ளயே அடங்கும். ப்ளாஸ்ட் பேட் (ஜெட் காத்து மண்ணை அரிக்காம இருக்க ரன்வே முனைக்கு வெளியே போட்ட தளம்) இருந்தா அது நீளத்துல சேராது, அதை மேல சேர்த்து கணக்கு போடாதீங்க.

சிறகு07:
அண்ணா சூப்பர், 3000 வந்துடுச்சு! க்ளைட்ஸ்லோப்ல (ஐஎல்எஸ் காட்டுற இறங்கு சரிவு) அப்படியே விட்டா எய்மிங் பாயின்ட் (இறங்க குறி வைக்கிற அடையாளம்) கிட்ட வந்து தொடுது, படத்துலயும் த்ரெஷோல்ட் பட்டை 12 எண்ணிட்டேன், 45 மீட்டர் அகலத்துக்கு அது சரி தானே?

பழைய_விங்:
சரி தான், 30 மீட்டருக்கு 8, 45-க்கு 12, 60-க்கு 16.

மேகவாசி:
இன்னொண்ணு ப்ரோ, ஏடிசி டாக்ஸி ரூட் போட்டிருந்தா ரன்வே மேல போற எட்ஜ் (ரூட் கோடு) இன்னும் பழைய 2700-லயே நிக்கும், அதை புது முனை வரைக்கும் நீட்டி அங்க இருக்கிற டாக்ஸிவே நோடோட (ரூட் புள்ளி) சேர்த்து விடுங்க, இல்லன்னா அந்த 300 மீட்டரை சிமுலேட்டர் தானா ஓட்டுற எந்த விமானமும் டேக்ஆஃபுக்கு எடுத்துக்காது. பாபி லைட்டையும் (இறங்குற கோணம் சரியான்னு காட்டுற விளக்கு) ஒருவாட்டி செக் பண்ணுங்க, அது தனி ஆப்ஜெக்ட், ரன்வேயோட சேர்ந்து தானா நகராது.