ஹாட்கீ மாற்றிய பிறகும் விரல் பழைய இடத்துக்கே போகிறது: என்ன செய்யலாம்?

வண்ணார்பேட்டை வில்லாளி:

வணக்கம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டைப் பள்ளிக் காலத்திலிருந்து பழைய ஹாட்கீ (கட்டளைக்கான குறுக்குவிசை) அமைப்பிலேயே ஆடி வந்தேன். ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டருக்கு எச், வேலையாளான வில்லேஜரை உருவாக்க சி, வீடு கட்ட பி அழுத்திப் பிறகு இ, குதிரை லாயத்துக்கு கன்ட்ரோலும் எல்லும் என்று எல்லாம் விரலில் ஊறியிருந்தன. ஆனால் இடக்கை விசைப்பலகையின் பாதி தூரம் ஓடித் திரும்ப வேண்டியிருந்ததால், 2019-இல் வெளிவந்த புதிய பதிப்பான டெபினிட்டிவ் எடிஷனுக்கு மாறியவன் இப்போது கிரிட் அமைப்பையும் எடுத்துக்கொண்டேன். திரையில் பொத்தான்கள் நிற்கும் வரிசையிலேயே க்யூ, டபிள்யூ, இ, ஆர் என்று விசைகளும் அமைவதால் கை இடம் பெயர வேண்டியதில்லை.

ஆட்டத்தின் முதல் சில நிமிடங்கள் சரியாகவே போகின்றன. எதிரியின் குதிரை வீரர்கள் மரம் வெட்டும் இடத்துக்குள் புகுந்ததும் விரல் தானாகப் பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறது. ஒரு வில்லேஜர் உருவாக 25 விநாடி ஆகும் ஆட்டத்தில், நான் விசையைத் தேடும் நேரமெல்லாம் டவுன் சென்டர் சும்மா கிடக்கிறது. பி விசைதான் பெரிய தொல்லை. அதில் இப்போது படைவீட்டைத் தேர்ந்தெடுக்கும் கட்டளையை வைத்திருக்கிறேன். வீடு கட்ட நினைத்து பழக்கத்தில் பி அழுத்தினால் கையிலிருந்த வில்லேஜர் தேர்விலிருந்து நழுவிவிடுகிறார். தொடர்ந்து அழுத்தும் இ, வீட்டுக்குப் பதிலாகப் படைவீட்டில் வேறு எதற்கோ ஆணையிட்டுவிடுகிறது.

அடுத்த மாதம் நண்பர்களுக்குள் ஒரு போட்டி இருக்கிறது. பழைய அமைப்புக்கே திரும்பிவிடலாமா, அல்லது பொறுத்துப் பழகலாமா?

பேட்டை மங்குடை:

திரும்ப வேண்டாம், தம்பி. கிரிட் கைக்கு நல்லது. அதில் எனக்கு ஐயமில்லை. ஹாட்கீ அமைப்புகளைத் தனித்தனிப் பெயரில் சேமிக்க முடியும் என்பதால், வெற்றி தோல்வியால் ரேட்டிங் மாறும் ரேங்க்டு ஆட்டங்களுக்குப் பழையதையும், கணினியோடு ஆடும்போது புதியதையும் வைத்துக்கொள்ளுங்கள். ரேட்டிங் சரியாமல் இருக்கும், மனமும் தளராது. புதியது வேகம் பிடித்ததும் முழுவதுமாக மாறிவிடலாம்.

தட்டச்சு டீச்சர், பாளையங்கோட்டை:

தம்பி, இந்த விளையாட்டை நான் ஆடியதில்லை. ஆனால் பழகிய விரலைப் புது வழிக்குத் திருப்பும் வேலையைப் பயிலகத்தில் நெடுங்காலமாகச் செய்து வருகிறேன். தமிழ்த் தட்டச்சுப் பொறி முறையில் இளநிலை, முதுநிலைத் தேர்வுகள் எழுதியவர்கள், தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 என்ற கணினி விசைப்பலகை முறைக்கு மாறும்போது நீங்கள் சொல்வதே நடக்கும். தட்டச்சுப் பொறியில் இடக்கைச் சுட்டுவிரலின் கீழ் இருப்பது 'க'. தமிழ்99-இல் அதே இடத்தில் புள்ளி இருக்கிறது, 'க' வலக்கைப் பக்கம் போய்விட்டது. ஆகவே 'க' அடிக்க நினைக்கும் கை பழக்கத்தில் புள்ளி வைத்துவிடும்.

புதிதாகக் கற்க வேண்டிய விசைகளை மாணவர்கள் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். பொருள் மாறிவிட்ட விசைதான் கடைசி வரை தகராறு செய்யும். எனவே எல்லாவற்றையும் ஒரே அளவில் பயிற்சி செய்யாமல், முன்பு ஒன்றையும் இப்போது வேறொன்றையும் செய்யும் விசைகளை மட்டும் தனியே எழுதிக்கொள்ளுங்கள். அவற்றைத் தனி விசையாக அன்றி, வில்லேஜரைத் தேர்ந்தெடுப்பது முதல் வீட்டுக்கான இடத்தைச் சுட்டுவது வரை முழுத் தொடராக, பிழை வராத அளவு மெதுவாகச் செய்து பாருங்கள். பிழையோடு வேகமாக அடிக்கும் மாணவருக்கு நான் வேகத்தைக் குறைக்கச் சொல்வேனே தவிர, கூடுதல் பக்கங்கள் தரமாட்டேன். அவசரத்தில் அடிக்கும் தவறும் பயிற்சியாகிவிடும்.

ஹைகிரவுண்ட் பிசியோ:

டீச்சர் சொல்வதோடு உடன்படுகிறேன். மங்குடை அண்ணாச்சி சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. உளவியலாளர்கள் ஃபிட்ஸும் போஸ்னரும் 1967-இல் விளக்கியபடி, ஒரு திறன் எண்ணி எண்ணிச் செய்யும் நிலையில் தொடங்கி, பிழை குறையும் நிலையைக் கடந்து, எண்ணாமலேயே நடக்கும் நிலையை அடைகிறது. உங்கள் பழைய அமைப்பு மூன்றாம் நிலையிலும் புதியது முதல் நிலையிலும் இருக்கின்றன. நெருக்கடியில் கவனம் எதிரியின் மீது போய்விடுவதால், கவனம் தேவைப்படாத பழையதே முந்திக்கொள்கிறது. பழைய பழக்கம் அழிவதில்லை. புதியது அதன் அருகிலேயே வளர வேண்டியிருக்கிறது.

ஒரே நாளில் இரண்டையும் கலந்து ஆடுவது இதனால்தான் சிக்கல். பிராஷர்ஸ்-க்ரூக், ஷாட்மெர், பிட்சி ஆகியோர் 1996-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், கையை ஒரு பக்கம் தள்ளும் கருவியோடு பழகியவர்களுக்கு உடனே எதிர்ப்பக்கம் தள்ளும் கருவியில் பயிற்சி தந்தபோது முதலில் கற்றது குலைந்தது. நான்கு மணி நேரம் கழித்துத் தந்தபோது அது நிலைத்தது. அந்த இடைவெளி எப்போதும் காக்கும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் ஏற்கவில்லை என்றாலும், முரண்படும் இரு பழக்கங்களை அடுத்தடுத்துச் செய்வது நல்லதில்லை என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. விரல் வரிசைகளைக் கற்றவர்கள் ஓர் இரவு உறங்கிய பின் மேலும் வேகமாகச் செய்வதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே நள்ளிரவு வரை நீளும் ஒரே அமர்வைவிட, தினமும் சிறிது நேரம் பழகுவது மேல்.

பேட்டை மங்குடை:

அப்படியானால் ஆங்கிலமும் தமிழும் ஒரே விசைப்பலகையில் அடிப்பவர்களுக்கு ஏன் குழப்பம் வருவதில்லை?

தட்டச்சு டீச்சர், பாளையங்கோட்டை:

அங்கே மொழியே அடையாளமாக நிற்கிறது. எந்த மொழியில் எழுதுகிறோம் என்பது தெரிந்ததும் விரல் அதற்குரிய வழியில் போகிறது. ஒரே ஆட்டம், ஒரே திரை என்றால் அப்படிப் பிரித்துக்காட்ட எதுவும் இல்லையே.

வண்ணார்பேட்டை வில்லாளி:

நன்றி, டீச்சர். மற்ற இருவருக்கும் நன்றி. ரேட்டிங் சரிந்தாலும் பரவாயில்லை. போட்டியிலும் கிரிட்டிலேயே ஆடுகிறேன். பி விசையை மட்டும் என்ன செய்வது?

ஹைகிரவுண்ட் பிசியோ:

இப்போதைக்கு எச், பி இரண்டையும் காலியாக விடுங்கள். பழக்கத்தில் அழுத்தினாலும் திரையில் எதுவும் நடக்காது. வில்லேஜர் தேர்விலேயே இருப்பார், நீங்களும் தவறை உடனே உணர்வீர்கள்.

பேட்டை மங்குடை:

படைவீட்டைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலோடு 4 அழுத்தி ஒரு குழுவாக வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. பிறகு 4 அழுத்தினாலே போதும். கட்டடம் எழும்பியதும் அதைச் செய்ய மறக்காதீர்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாகச் செய்ய வேண்டும்.