மறு: ‘ஹியரிங்’: விசாரணையா, கேட்பா?

எல்லாருக்கும் வணக்கம்.

மூன்று நாளாகப் பதில் போட முடியவில்லை, அதற்குள் இழை நீண்டுவிட்டது. எல்லா மடலையும் படித்தேன். முதலில் ஒரு வேண்டுகோள்: பருவநிலை மாற்றமா காலநிலை மாற்றமா என்ற பழைய சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் துறையின் பெயரே ‘சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை’ என்றாகிவிட்டது, நானும் காலநிலை என்றே எழுதுகிறேன். யாராவது பருவநிலை என்று எழுதினால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக: அமெரிக்காவில் காலநிலைக் கொள்கை விவாதம் வளர்ந்த கதையைச் சொல்லும் ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்கு நாலு இடத்தில் ‘ஹியரிங்’ (ஒரு குழுவோ அரசோ நீதிமன்றமோ உட்கார்ந்து பிறர் சொல்வதைக் கேட்கும் அமர்வு) வருகிறது. அதற்குத் தமிழில் என்ன போடலாம் என்பதுதான் இந்த இழையின் கேள்வி, ‘கேட்பு’ என்றும் ஒரு யோசனை இருக்கிறது. செய்தித்தாள் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் ‘விசாரணை’ என்றே போட்டுக்கொண்டு போனேன். பாதியில் நிறுத்திப் படித்துப் பார்த்தால் விஞ்ஞானிகள் எல்லாரும் ஏதோ திருட்டு வழக்கில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

//விசாரணை என்பது நல்ல சொல்தானே, நலம் விசாரித்தல் என்று சொல்வதில்லையா?//

சொல்கிறோம் ஐயா. ஆனால் நலத்தை ‘விசாரிக்கிறோம்’, நல ‘விசாரணை’ நடத்துவதில்லை. பெயர்ச்சொல்லாக மாறியதும் அது காவல் நிலையத்துப் பக்கம் போய்விடுகிறது. பல வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு ஆலை வருவதாக இருந்தது. ‘பொது விசாரணை’ என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். என் சித்தப்பா போக மறுத்துவிட்டார். “விசாரணைன்னா போலீஸ் இருக்கும், நமக்கு எதுக்கு” என்றார். சமாதானப்படுத்தி அழைத்துக்கொண்டு போனால், பந்தலைச் சுற்றி நிஜமாகவே போலீஸ். அதற்குப் பிறகு அவரிடம் கலைச்சொல் பற்றி என்னால் எதுவும் பேச முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் கட்டுரையில் இந்த ஒரே சொல் மூன்று வேறு வேறு காரியங்களுக்கு வருகிறது. அவற்றைப் பிரித்துக்கொள்ளாமல் நாம் சொல் தேடுவதால்தான் ஆளுக்கொரு திசையில் போகிறோம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, 1988 ஜூன் 23. வாஷிங்டனில் கடும் வெயில், நாட்டின் பல பகுதிகளில் வறட்சி. செனட்டின் எரிசக்தி, இயற்கை வளக் குழுவின் முன்னால் நாசாவின் காடார்ட் நிறுவன இயக்குநர் ஜேம்ஸ் ஹான்சன் உட்கார்ந்து, இந்த வெப்ப உயர்வு தற்செயலான ஏற்ற இறக்கம் இல்லை என்று தான் 99 சதவீதம் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். மறுநாள் அது முதல் பக்கச் செய்தி. இதற்கு முன்னால் யாரும் பேசாமலில்லை, 1986இலேயே செனட்டர் ஜான் சேஃபி தலைமையில் இதே பொருளில் ஒரு அமர்வு நடந்திருக்கிறது, ஆனால் ஊர் திரும்பிப் பார்த்தது 1988இல்தான். இந்த வகையில் குழு அழைக்கிறது, அழைக்கப்பட்டவர் பேசுகிறார், உறுப்பினர்கள் குறுக்குக் கேள்வி கேட்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எழுந்து மைக்கைப் பிடிக்க முடியாது.

இரண்டாவது வகைக்குக் கட்டுரையில் வருகிற உதாரணம் மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன். நிலக்கரி மாநிலம். ஒபாமா காலத்து மின்நிலைய உமிழ்வு விதியை நீக்கப்போகிறோம் என்று அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2017இல் அறிவித்து, நவம்பர் கடைசியில் அங்கே இரண்டு நாள் உட்கார்ந்தது. பெயர் கொடுத்தவர்கள் வரிசையாக வந்தார்கள், ஆளுக்குச் சில நிமிடம், நிலக்கரி நிறுவன முதலாளியும் பேசினார், சூழலியலாளர்களும் பேசினார்கள். அதிகாரிகளின் வேலை காது கொடுப்பது. இங்கே யார் யாரை ‘விசாரிக்கிறார்கள்’? இதை விசாரணை என்று எழுதினால் திசையே தலைகீழாகிவிடுகிறது. பேச வேண்டியவர் மக்கள், கேட்க வேண்டியது அரசு. நம் தமிழ்ச் சொல்லிலோ கேள்வி கேட்பவர் அரசு, கைகட்டி நிற்பவர் குடிமகன்.

மூன்றாவது, நெதர்லாந்தில் பன்னாட்டு நீதிமன்றம் இருக்கிற ஹேக் நகரம். பசிபிக் தீவு நாடான வனுவாட்டு முன்னெடுத்து, ஐ.நா. பொதுச்சபை 2023 மார்ச்சில் தீர்மானம் போட்டு, காலநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று பன்னாட்டு நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டது. 2024 டிசம்பர் 2 முதல் 13 வரை 96 நாடுகளும் 11 பன்னாட்டு அமைப்புகளும் பேசின. இந்தியாவும் பேசியது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தைச் சொன்னது. இடம் நீதிமன்றம்தான், ஆனால் வாதி பிரதிவாதி கிடையாது. நம் செய்திகளில் ‘வழக்கு விசாரணை’ என்று வந்ததைப் பார்த்தேன், வழக்கே இல்லாதபோது அது எப்படிப் பொருந்தும்? இந்த மூன்றாவதை நான் ‘வாய்மொழி வாத அமர்வு’ என்று எழுதிவிட்டேன். அதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை.

மீதி இரண்டுக்கும்தான் சொல் வேண்டும்.

யாழ்ப்பாணத்து அண்ணர் சொன்ன ‘செவிமடுப்பு’ எனக்கு ரொம்பப் பிடித்தது. இலங்கை எழுத்தில் அது உயிரோடு இருக்கிற சொல், தமிழ்நாட்டில் மேடைப் பேச்சில் எப்போதாவது வருகிறது. ஆனால் அது கேட்பவரின் மனநிலையைச் சொல்கிறது, நிகழ்ச்சியைச் சொல்லவில்லை. “அமைச்சர் செவிமடுத்தார்” சரி. “செவ்வாய்க்கிழமை செவிமடுப்பு நடந்தது” என்றால் ஏதோ காது வைத்தியம் மாதிரி ஒலிக்கிறது. அண்ணர் கோபிக்கக் கூடாது.

‘கலந்தாய்வு’ வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைப் பொறியியல் சேர்க்கை எடுத்துக்கொண்டுவிட்டது. காலநிலைக் கலந்தாய்வு என்று போட்டால் கட்-ஆஃப் எவ்வளவு என்று கேட்பார்கள்.

எனக்கு ‘கேட்டல்’ பக்கம்தான் மனம் போகிறது. இந்த ஒரு வினைக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். பாட்டுக் கேட்கிறோம், அது காதால். வழி கேட்கிறோம், அது வாயால். “பொண்ணுக்குக் கல்யாணம் பேசறீங்க, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்று அத்தை சண்டைக்கு வந்தால் அது கலந்துகொள்வது, ஆலோசிப்பது. “சொன்னா கேக்க மாட்டான்” என்றால் கீழ்ப்படிவது. குறளில் ‘கேள்வி’ அதிகாரம் முழுக்கக் காதால் அறிவதைப் பற்றியது, இன்று நாம் சொல்கிற கேள்வி அங்கே இல்லை. காதால் கேட்பது, கேள்வி எழுப்புவது, கலந்துகொள்வது மூன்றும் நாம் தேடுகிற சொல்லுக்கு வேண்டும். இடறுவது நான்காவதுதான்.

//கேட்பு என்றால் மக்கள் சொன்னபடி அரசு கேட்கும் என்று பொருள் வந்துவிடாதா? சட்டத்தில் அப்படி இல்லையே.//

அம்மா, நீங்கள் சொன்னது உண்மை. நம் நாட்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை (2006 செப்டம்பர்) எடுத்துப் பாருங்கள். ஒரு திட்டத்துக்கு அனுமதி தருவதற்கு முன் மக்களிடம் கேட்கிற கூட்டத்துக்கு மாவட்ட ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும், 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும், முடிவில் மக்கள் சொன்னதன் சுருக்கத்தை அங்கேயே உள்ளூர் மொழியில் வாசித்து விளக்க வேண்டும், ஆட்சியர் அன்றே கையெழுத்திட வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு மட்டும் இல்லை. பதிவானதற்கெல்லாம் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும், ஆனால் வந்தவர் அத்தனை பேரும் வேண்டாம் என்றாலும் திட்டம் தானாக நின்றுவிடாது. ஆக முதல் மூன்று ‘கேட்டல்’ உண்டு, நான்காவது இல்லை. இன்னொன்று, இதுவும் ஆலை, சுரங்கம், துறைமுகம் மாதிரி திட்டங்களுக்குத்தான். நாட்டின் காலநிலை இலக்கைத் தீர்மானிக்கிறபோது ஊருக்கு ஊர் பந்தல் போட்டுக் கேட்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அதற்காகச் சொல்லை மாற்ற வேண்டுமா? எனக்குத் தோன்றவில்லை. நான்காவது பொருளும் சொல்லுக்குள் ஓரமாக உட்கார்ந்திருக்கட்டும், போராடுகிறவர்களுக்கு உதவும். “கேட்பு நடத்தினீர்களே, கேட்டீர்களா?” என்று ஒருவர் தமிழில் கேட்க முடிந்தால் அது ஆங்கிலத்தில் இல்லாத வசதி.

//நகராட்சிக் கணக்கில் கேட்பு என்றால் டிமாண்ட். கேட்பு, வசூல், நிலுவை. முப்பது வருடம் எழுதியிருக்கிறேன்.//

இதற்குத்தான் நான் மூன்று நாள் முழித்தேன்! உண்மையாகவே மறந்துபோன விஷயம் ஐயா. வெறும் ‘மக்கள் கேட்பு’ என்று போட்டால் சொத்து வரி பாக்கி மாதிரி படிக்க ஒரு கூட்டமே இருக்கிறது. அதனால் ஒரு அமர்வைச் சேர்த்துப் பார்த்தேன்: கேட்பு + அமர்வு = கேட்பமர்வு. இனி ‘மக்கள் கேட்பமர்வு’ (சார்ல்ஸ்டன் வகை), ‘குழுக் கேட்பமர்வு’ (செனட் வகை). நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால் அது விசாரணையாகவே இருக்கட்டும், அங்கே அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது.

நம் ஊரில் ஏற்கெனவே ‘கருத்துக்கேட்புக் கூட்டம்’ இருக்கிறதே என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது, நன்றாகவும் வேரூன்றிவிட்டது, தமிழ்நாட்டுச் செய்தி என்றால் நானும் அதையே எழுதுவேன், சுவரொட்டியில் இருக்கிற சொல்லை மாற்ற நாம் யார். ஆனால் அமெரிக்கக் கட்டுரையில் செனட் குழுவுக்கு அதைப் போட முடியாது. ஹான்சன் அங்கே சொன்னது கருத்து இல்லை, அளவெடுத்த வெப்பநிலையும் கணினியில் போட்ட கணிப்பும். இன்னொரு சின்ன உறுத்தல்: மீனவர் ஒருவர் வந்து, இந்த இடத்தில் இத்தனை வருடம் வலை போட்டேன், இப்போது மீன் இல்லை என்கிறார். அதுவும் கருத்தா? தகவல் இல்லையா?

‘டெஸ்டிமோனி’க்குச் சாட்சியம் வேண்டாம், ‘அவையுரை’ போடலாம் என்று சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. அவையுரை என்றால் பொன்னாடை வாசனை அடிக்கிறது. 1989இல் ஹான்சன் செனட்டுக்கு எழுதிக் கொடுத்ததை வெள்ளை மாளிகையின் வரவு செலவு அலுவலகம் திருத்திவிட்டது, அவர் அதை செனட்டர் அல் கோருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தினார், விஷயம் வெளியே வந்து பெரிய சங்கடமானது. உரையைத் திருத்தினால் அது எடிட்டிங், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சாட்சியத்தைத் திருத்தினால் குற்றம் மாதிரி ஒலிக்கும், ஒலிக்கவும் வேண்டும். இங்கே அந்த நீதிமன்ற வாசனை எனக்குத் தேவை.

பிரான்சில் சீட்டுக் குலுக்கி 150 பேரைத் தேர்ந்து காலநிலைக்கு வழி சொல்லச் சொன்னார்களே (2019 அக்டோபரில் தொடங்கி அடுத்த ஜூனில் 149 பரிந்துரை கொடுத்தார்கள்), அதற்குக் ‘குடவோலை அவை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கைதட்டத் தோன்றியது. ஆனால் உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடத்துக்குள் பெயர் போக நிலம் வேண்டும், வீடு வேண்டும், படிப்பு வேண்டும். பிரான்சில் சமூகத்தின் எல்லாத் தரப்பும் வர வேண்டும் என்றுதான் குலுக்கினார்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வந்து சண்டை போடுகிறேன்.

கடைசியாக, இந்தச் சொல் வேலை ஏன் அவசரம் என்று கேட்டவருக்கு: 2020இல் அந்தத் தாக்க மதிப்பீட்டு விதிகளுக்குப் புது வரைவு வந்தபோது அது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, கருத்துச் சொல்லும் கெடுவும் ஆகஸ்ட் 11 வரை நீண்டது. அந்த வரைவிலேயே முன்னறிவிப்பு 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைந்திருந்தது. அடுத்த முறை அப்படி ஒரு ஆவணம் வந்து, பத்து நாளில் தமிழாக்கச் சொன்னால், உட்காருகிற மொழிபெயர்ப்பாளர் முதலில் தேடுவது ஒரு சொற்பட்டியலைத்தான்.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது இரண்டு. ‘கேட்பமர்வு’ சத்தமாகப் படித்தால் நாக்கு இடறுகிறதா என்று சொல்லுங்கள், வானொலியில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அப்புறம் ‘குழுக் கேட்பமர்வு’ என்பதில் க் போடுவதா வேண்டாமா, நான் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலைக்குள் தெரிந்தால் போதும், அன்று மாலைதான் கட்டுரையை அனுப்ப வேண்டும்.