மறு: மறு: அப்பத்தா நோட்டுல புரியாத சாமானுக்கு ஒரு சொல் வேணும்

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பத்தா சமையல் நோட்டைத் தட்டச்சு பண்ணி முடிச்சாச்சு, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். எல்லாம் பலம், ஆழாக்குன்னு பழைய எடை, முகத்தல் கணக்கு. மசாலாவுல "கடப்பாசி அரைப்பலம்"னு ஒரு வரி. எங்க காரைக்குடிப் பக்கம் கல்பாசியையே அப்படிச் சொல்றவங்க உண்டு, பாறையிலயும் மரத்துலயும் ஒட்டி வளர்றது, வாசனைக்குப் போடுவோம். சென்னையில வளந்த என் மக கடல்பாசின்னு கேட்டு அகர்அகர் வாங்கியாந்து போட்டுட்டா, ஆறினதும் குழம்பு கட்டிதட்டிப் போச்சு. இப்படிப் பேரு இருந்தும் எதுன்னு உறுதியாத் தெரியாத சாமானுக்கெல்லாம் பக்கத்துல குறி போடணும். 'ஐயச்சரக்கு'ன்னு வச்சிருக்கேன், சரியா?

---

புணர்ச்சி சரிதாங்க, பொருள்தான் இடிக்குது. ஔவையோட 'ஐயம் இட்டு உண்'ணுல ஐயம்னா பிச்சை. பேரு இடம் மாறுறதும் புதுசில்ல, அகநானூறு 149ல யவனர் பொன்னோட வந்து வாங்கிட்டுப் போன 'கறி' மிளகு, இன்னைக்குக் கறின்னா ஆட்டுக்கறி. தாளிப்புக்கு 'குய்'னு அருமையான சொல் இருந்துச்சு, குறுந்தொகை 167ல அந்தப் புதுப்பொண்ணு கண்ணுல படுறது குய்ப்புகைதான். அதை எடுத்து 'குய்மயக்கம்'னு வைங்க, ஒரு பழஞ்சொல் பிழைச்சுக்கும்.

---

ஐயா, குய் எண்டா என்ர வகுப்புப் பிள்ளையளுக்கு ஒண்டும் விளங்காது. நாங்கள் பெருஞ்சீரகம் எண்டுறதை நீங்கள் சோம்பு எண்டுறியள், எங்கட சின்னச்சீரகம் உங்களுக்கு வெறும் சீரகம், கராம்பு உங்களுக்குக் கிராம்பு. பாதிச் சாமான் தெரியாத சாமானே இல்லை, எழுதின ஆளின்ர ஊர்தான் தெரியாமப் போச்சு. என்ன சொல் வச்சாலும் பக்கத்தில ஊரையும் போடுங்கோ.

---

ஊர் போடுறது நல்ல யோசனை. ஆனா 'சரக்கு' வேணாம், காலேஜ்ல அந்த வார்த்தைய எடுத்தாலே பசங்க சாராயம்னுதான் நினைக்கிறாங்க. 'துலங்காப் பொருள்'னு வைக்கலாமே? 'எனக்கு இது துலங்கல'ன்னு வீட்டுல பேசுறதுதான், யாருக்கும் விளக்க வேண்டியதில்ல.

---

துலங்கா நல்லாருக்கு, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலியும் மிகும். ஆனா சரக்கை விட எனக்கு மனசில்ல. நாட்டுமருந்துக் கடையில இன்னைக்கும் கடைச்சரக்குன்னுதான் கேக்குறோம், குடிக்கிறவங்க எடுத்துக்கிட்டாங்கன்னு நாம ஏன் விட்டுக் குடுக்கணும்? பொருள்னு போட்டா அர்த்தம்னு வேற படிச்சிருவாங்க. நாள் இல்ல, நிறைய பேரு தனிமடல்லயும் சரின்னுட்டீங்க, 'துலங்காச் சரக்கு, காரைக்குடி'ன்னே போடுறேன். அப்புறம் நோட்டுல குறி போட்டிருந்த இன்னொரு வரி, "லவங்கம் ஒரு பலம்". ஒரு பலம் 35 கிராம் வருது, ஒரு வீட்டு மசாலாவுக்கு அவ்வளவு கிராம்பு போட்டா வாயில வைக்க முடியாது, அதனால அது லவங்கப்பட்டைதான்னு துலங்கிருச்சு, குறி எடுத்துட்டேன்.

---

குறிய எடுக்காதீங்க. இலவங்கம்னா அகராதியில கிராம்பும் இருக்கு, அந்த அளவு கல்யாணத்துக்கு இடிச்ச மசாலாவாவும் இருக்கலாம். என் ஓட்டு இன்னும் குய்க்குத்தான். அப்பத்தா காரைக்குடிக்கு வாக்கப்பட்டு வந்தாங்களா, பிறந்ததே அங்கதானா? அத மொதல்ல கேட்டுச் சொல்லுங்க.