சட்டம், சட்டகம், கட்டமைப்பு: மேற்கோள்களும் தொழிற்சொற்களும் தேவை

கலைச்சொல் தொகுப்புக்காக, ஆங்கில ‘framework’ என்பதற்கு ஈடான ‘சட்டகம்’ பற்றிய பதிவைத் தயாரிக்கிறோம். உங்கள் உதவி வேண்டும்.

பலகைக் கதவைப் பாருங்கள். நெட்டுச் சட்டம் இரண்டு, குறுக்குச் சட்டங்கள், நடுவில் பலகை. பலகையைச் சட்டத்தின் காடியில் (நீளவாக்கில் வெட்டிய பள்ளத்தில்) பசையில்லாமல்தான் செருகுவார்கள். மழையில் மரம் உப்பினால் விரிய இடம் வேண்டும், ஒட்டிவிட்டால் பலகை வெடிக்கும். வடிவத்தைப் பிடித்து நிறுத்துவது சட்டம். உள்ளே வருவது மாறலாம். மென்பொருளிலும் ஆய்விலும் ‘framework’ என்று நாம் சொல்லவருவது இதைத்தான். ‘கட்டமைப்பு’ என்றால் கதவு முழுவதையும் குறித்துவிடும், ‘உள்கட்டமைப்பு’ வேறு குறுக்கே வரும். ‘சட்டம்’ என்றே எழுதினால் ‘சட்ட வரைவு’ போன்ற தொடர்கள் நீதிமன்றத்துக்குப் போய்விடும். அதனால் ‘சட்டகம்’ சரி என்பது எங்கள் முடிவு.

இனச்சொற்களும் துணை நிற்கின்றன. மலையாளத்தில் ‘சட்டக்கூடு’ இதே பொருளில் அன்றாட வழக்கு. தெலுங்கில் ‘சட்ரம்’ என்பது மரச்சட்டம். கன்னடத்தில் ‘சட்ட’ என்றால் பாடை, அதுவும் மூங்கில் சட்டம்தானே!

வேண்டியவை: மரச்சட்டம் என்ற பொருளில் கல்வெட்டு, ஓலை, பழம்பாடல் மேற்கோள்கள் (வரியும் இடமும் சேர்த்து). விதி என்ற பொருள் மரச்சட்டத்திலிருந்து கிளைத்ததா, தனிவேரா என்பதற்குச் சான்று. தச்சு, தறி, கட்டில் வேலை தெரிந்தவர்கள் உங்கள் ஊர்ச் சொல்லை, அது குறிக்கும் உறுப்பின் படத்தோடு இடுங்கள். படமில்லாவிட்டால் நிலையும் (கதவைத் தாங்கும் வாசல் மரம்) சட்டமும் குழம்பிவிடுகின்றன.