பலதிசை வெளியுறவுக் கொள்கை: கஜகஸ்தானை முன்வைத்து

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

ஒரு வல்லரசை மட்டும் சாராமல் பல பக்கமும் உறவு பேணும் ‘மல்டி வெக்டர்’ (multi-vector) வெளியுறவுக் கொள்கையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, இந்த இழையில் அணிசேராக் கொள்கை, நடுநிலைக் கொள்கை, சமநிலைக் கொள்கை என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றும் வாசகருக்குப் பழகிய சொற்களே. ஆயினும் இக்கொள்கைக்குப் பெயர்பெற்ற கஜகஸ்தானின் நடப்போடு உரசிப் பார்த்தால் ஒன்றும் தேறவில்லை.

அணிசேராமை என்பது வல்லரசுகளின் படைக்கூட்டில் சேராதிருத்தல். கஜகஸ்தானோ ரஷ்யா முதன்மை வகிக்கும் கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பின் உறுப்பு நாடு. 2022 ஜனவரியில் உள்நாட்டுக் கலவரம் மூண்டபோது அவ்வமைப்பின் படைகளைத் தானே அழைத்தது. அதே ஆண்டு ஜூனில், சென்ட் பீட்டர்ஸ்பர்க் பொருளாதார மாநாட்டு மேடையில் புதினுடன் அமர்ந்திருந்த கஜகஸ்தான் அதிபர் தொக்கயேவ், உக்ரைனின் தோனெத்ஸ்க், லுகான்ஸ்க் பகுதிகளைத் தனி நாடுகளாக ஏற்க இயலாது என்று வெளிப்படையாகக் கூறினார். அணிக்குள் இருந்துகொண்டே மறுப்பதை ‘அணிசேரா’ என்று எப்படிச் சொல்வது?

‘நடுநிலை’ அண்டை நாடான துர்க்மெனிஸ்தானுக்கு உரியது. அதன் நிலையான நடுநிலையை 1995 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானமாக ஏற்றது.

‘சமநிலை’யை மறுப்பதுதான் கடினம், ஏனெனில் நாளிதழ்கள் எல்லாம் அதையே எழுதுகின்றன. ஆனால் அச்சொல் இல்லாத ஒரு சமத்தை இருப்பதாகக் காட்டிவிடுகிறது. கஜகஸ்தானின் ஏற்றுமதி எண்ணெயில் பெரும்பங்கு, தெங்கிஸ் எண்ணெய் வயலிலிருந்து ரஷ்யாவின் கருங்கடல் துறைமுகமான நொவொரோசிய்ஸ்க் வரை சுமார் 1,500 கி.மீ. நீளும் குழாய் வழியாகவே வெளியேறுகிறது. சீனாவுக்குச் செல்லும் அத்தாசு–அலாஷன்கொவ் குழாயின் பங்கு மிகச் சிறிது. 2022 ஜூலையில் ரஷ்ய நீதிமன்றம் ஒன்று நொவொரோசிய்ஸ்க் குழாயை 30 நாள் நிறுத்தி வைக்க ஆணையிட்டது. சில நாட்களில் மேல்முறையீட்டில் அது வெறும் அபராதமாகக் குறைந்தது என்றாலும், கழுத்து யார் கையில் என்பது விளங்கிவிட்டது. இருந்தும் அந்தக் குழாய் நிறுவனத்தில் ரஷ்ய அரசோடு செவ்ரான், எக்ஸான்மொபில் ஆகிய அமெரிக்க நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. 2025-இல் முதல் அணுமின் நிலையப் பணியை ரஷ்ய அரசு அணுசக்தி நிறுவனமான ரோசாட்டமுக்கு அளித்தபோதே, அடுத்ததற்குச் சீன நிறுவனத்தை அந்நாடு அறிவித்தது. எந்தத் திசையையும் அடைத்துவிடாமல் வைத்திருப்பதே இங்கு நோக்கம். எல்லாத் திசையிலும் ஒரே தொலைவில் நிற்பது அன்று.

ஆகவே நான் முன்வைப்பது ‘பலதிசை வெளியுறவுக் கொள்கை’. கணிதத்தில் வரும் வெக்டரைத் தமிழ்நாட்டில் திசையன் என்கிறோம்; இலங்கைப் பாடநூல்களில் அது காவி. ‘பல்காவிக் கொள்கை’ என்று எழுதினால் வாசகர் வேறெதையோ நினைத்துக்கொள்வார். ‘பல்திசை’ என்றால் இலக்கணம் அறிந்தோர் ‘பல் + தொடை = பஃறொடை’ என்ற புணர்ச்சியைக் காட்டி ‘பஃறிசை’ என்று திருத்தக்கூடும். ‘பலதிசை’யில் அந்த வம்பு இல்லை.

வெக்டருக்குத் திசையோடு அளவும் உண்டே, அது இச்சொல்லில் விடுபடுகிறதே என்று குழுவில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். எனினும் ‘திசை’ ஒவ்வொன்றின் வலிமை பற்றியும் எதுவும் சொல்லாமல் விடுகிறது. ‘சமநிலை’யோ தவறாகச் சொல்கிறது. முன்னதையே நான் ஏற்பேன். பெயர்ச்சொல் வடிவுக்குப் ‘பலதிசைமை’யைவிடப் ‘பலதிசைப் போக்கு’ இயல்பாக ஒலிக்கிறது. மாற்றுக் கருத்து இருப்போர் தெரிவிக்க வேண்டுகிறேன்.